மடித்தால் முயல், விரித்தால் சட்டை

உடுப்பு பொம்மையாக மாற வேண்டும், இல்லை தலையணையாக மாற வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிள்ளை அதை எங்கே வைத்துக்கொண்டு தூங்கும் என்பதைத்தான். மெட்ரோவிலா, ஆஸ்பத்திரி பெஞ்சிலா, ஊருக்குப் போகிற ரயிலிலா, வீட்டுத் தரையில் பாய் மேலா? பதிலைப் பொறுத்துத் துணி மாறும், அளவு மாறும், உடுப்பைத் திணிக்கிற பையின் வாய் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதும் மாறும். முயலா கரடியா என்பதெல்லாம் அப்புறம்தான்.

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். பிளவுஸ், சுடிதார், யூனிஃபார்ம் ஆல்ட்ரேஷன் என்று ஓடிக்கொண்டிருந்த வேலைக்குள் இந்த மாறும் உடுப்பு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் மகளின் வீசிங். மழைக்காலம் வந்தால் அவளுக்கு இழுக்கும். பனிக்காலத்திலும் விடாது. எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வருவது பாதி, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி கிளப்புவது பாதி. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் விரலால் தடவினால் கருப்பாக வரும்.

எழும்பூரில் குழந்தை டாக்டரம்மா ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்தோம். மருந்து எழுதிவிட்டு, "படுக்கையில பஞ்சு பொம்மை ஏதாவது வெச்சிருக்காளா?" என்று கேட்டார். கரடி ஒன்று உண்டு, அதைக் கட்டிப் பிடித்தால்தான் தூங்குவாள் என்றேன். எடுத்துவிடச் சொன்னார். மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மை இவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும், நம் தோலிலிருந்து உதிர்கிற செதில்தான் அவற்றுக்குச் சாப்பாடு, சில பிள்ளைகளுக்கு வீசிங்கைக் கிளப்புவது அதுதான் என்று விளக்கினார். துவைக்க முடிந்ததாக இருந்தால் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள், இல்லையென்றால் படுக்கைக்குக் கொண்டு வராதீர்கள் என்றார். கரடியோ துவைக்கவே முடியாத ரகம். ஈரம் உள்ளே போனால் வெளியே வராது.

கரடி பரண் மேல் ஏறியது. அவள் அழுத அழுகையைப் பார்த்து என் மாமியாரும் அழுதார்கள். அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் ஆன்லைனில் ஒரு மேல்சட்டை வாங்கிக் கொடுத்தாள். சுருட்டி உள்ளே திணித்தால் முயல், பிரித்தால் தொப்பி வைத்த சட்டை. மகளுக்குக் கண் விரிந்துவிட்டது. எனக்கும்தான், சும்மா சொல்லக்கூடாது. யோசனை அவ்வளவு நல்ல யோசனை.

தையல்காரியின் கண்ணோடு அதைப் புரட்டிப் பார்த்தபோது பல விஷயம் தெரிந்தது. துணி முழுக்க பாலியஸ்டர் ஃப்ளீஸ், ஸ்வெட்டர் மாதிரிப் பொசுபொசுவென்று இருக்குமே அந்தத் துணி. தொட்டால் மெத்தென்று இருக்கும், ஆனால் வியர்வையை இழுக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் படி ஏறினாலே முதுகு நனைந்துவிடும். முயலின் தலை மட்டும் தனியாகப் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தது. துவைத்துக் காயப்போட்டால் சட்டை காய்ந்துவிடும், தலை காயாது. ஐப்பசி மழையில் அது நாள் கணக்கில் ஈரமாகக் கிடந்து முக்கல் வாடை அடித்தது. கண் இரண்டும் பசை வைத்து ஒட்டிய பிளாஸ்டிக். நகத்தால் நெம்பினேன், ஒன்று கையோடு வந்துவிட்டது. தொப்பியில் நீளமாக ஒரு நாடா, நுனியில் முடிச்சு.

எந்தப் பஞ்சு வேண்டாமென்று டாக்டரம்மா சொன்னாரோ அதே பஞ்சு முயல் தலைக்குள்ளேயே இருக்கிறது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது: சட்டையையே பஞ்சாக்கிவிட்டால் என்ன? தனியாக எதையும் அடைக்காமல், உடுத்துகிற துணியே பொம்மையின் வயிறு, அதுவே தலை. துவைக்கும்போது விரித்தால் வெறும் சட்டை. சட்டையைத் துவைத்தால் பொம்மையையும் துவைத்ததாகிவிடும். இன்றுவரை நான் தைக்கிற எல்லா மாறும் உடுப்புக்கும் அடிப்படை இதுதான். வீசிங் இல்லாத பிள்ளைக்கும் இப்படித்தான் தைக்கிறேன்.

யோசித்தால் இது நம் வீட்டுக்குப் புதிதில்லை. துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்களைக் காசிமேட்டில் எந்தப் படகின் நிழலிலும் பார்க்கலாம். பழைய புடவையைச் சுற்றி, நூலால் கழுத்துக் கட்டி, பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுக்காத ஆயா உண்டா? அமெரிக்காவில் பில்லோ பெட்ஸ் என்று ஒன்று 2003-ல் வந்தது. தன் மகன் பஞ்சு பொம்மையைத் தட்டையாக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவதைப் பார்த்த ஜெனிஃபர் டெல்ஃபர் என்ற தாய் உருவாக்கியது அது. பட்டியைக் கழற்றினால் பொம்மை விரிந்து தலையணையாகும். கப்கோட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் விலங்கு பொம்மையை விரித்தால் தொப்பிச் சட்டை ஆகிற மாதிரி கொண்டுவந்தது. அடுக்குத் துணிப் போர்வை (க்வில்ட்) தைக்கிறவர்கள் போர்வையின் முதுகில் ஒரு பை தைத்து, போர்வையை மடித்து அந்தப் பைக்குள்ளேயே புரட்டிவிடுவார்கள், அது தலையணையாகிவிடும். இவை எல்லாவற்றையும் போனில் பார்த்தேன். எனக்கு ஏற்றது அந்தப் போர்வை வேலைதான், அதில் தனியாக அடைக்கிற பஞ்சும் இல்லை, கண்ணும் இல்லை.

இப்போது வேலையைச் சொல்கிறேன். தைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், தெரியாதவர்கள் டெய்லரிடம் காட்டுங்கள்.

சட்டையின் முதுகுத் துண்டில், உள்பக்கம், கீழ் விளிம்புக்கு இரண்டு இன்ச் மேலே முயல் முகத்தைத் தைக்கிறேன். அதன் மேல் அதே அளவில் துணி போட்டு நாலு பக்கமும் அடைத்துவிடுகிறேன், அதுதான் பை. அதாவது முகம், முதுகுத் துணிக்கும் மேல் துணிக்கும் நடுவே மறைந்திருக்கும். போட்டிருக்கும்போது பிள்ளையின் தோலில் படாது. மேல் துணி ஒரே துண்டாக இல்லாமல் இரண்டாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று மூன்று இன்ச் ஏறி நிற்கும். தலையணை உறைக்கு வாய் வைப்போமே, அதேதான். சட்டையின் கைகளை உள்ளே மடித்து, சட்டையை அந்தப் பையின் அளவுக்குச் சுருட்டி, பையின் வாய்க்குள் கைவிட்டு மூலையைப் பிடித்துப் புரட்டினால், சட்டை முழுக்க உள்ளே போய்விடும், முகம் வெளியே வரும். காதுகளை முகத்தின் ஓரத் தையலோடு பிடித்துத் தைத்திருப்பேன். புரட்டும்போது கடைசியாக அவை துள்ளி வெளியே வரும். பிள்ளைகள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்குத்தான்.

இப்படி உள்பக்கம் வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. மெட்ரோ சீட்டிலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலும் உரசிய வெளிப்பக்கம் முழுதும் சுருண்டு உள்ளே போய்விடுகிறது. பிள்ளையின் கன்னத்தில் படுவது இதுவரை யார் கையும் படாத உள்முகம். முகத்தை வெளியே தெரிகிற மாதிரி முதுகில் தைத்துக் கேட்கிறவர்கள் உண்டு, பார்க்க அழகாக இருக்கும் என்பார்கள். அவர்களிடம் நான் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பையின் அளவுதான் எல்லோரும் தடுமாறும் இடம். சின்னதாக வைத்தால் திணிக்கவே முடியாது, திணித்தாலும் கல் மாதிரி இருக்கும். பெரிதாக வைத்தால் முயல் தொங்கிப்போய்ச் சோர்ந்து நிற்கும். நான் செய்வது இது: பையைத் தைப்பதற்கு முன்பே சட்டையின் மற்ற வேலையை முடித்துவிட்டு, அதைப் பிள்ளை சுருட்டுகிற மாதிரித் தளர்வாகச் சுருட்டி நூலால் கட்டி, டேப்பால் சுற்றளவு எடுப்பேன். அதில் பாதி, கூட ஒரு இன்ச், அதுதான் பையின் அகலம். தையலுக்குப் பக்கத்துக்கு அரை இன்ச் தனி. சுற்றளவு 15 இன்ச் வந்தால் பை எட்டரை இன்ச் அகலம், தையலோடு வெட்ட வேண்டியது ஒன்பதரை. உயரத்துக்குச் சுருளின் நீளத்தோடு ஒன்றரை இன்ச் சேர்க்க வேண்டும். பெரியவர்கள் இறுக்கிச் சுருட்டி அளவெடுத்தால் கணக்கு தப்பும், பிள்ளையின் கைக்கு அந்த இறுக்கம் வராது.

தலையணையாக வேண்டும் என்கிறவர்களுக்குச் சுருட்டாமல் மடித்து அளவெடுக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு, இரண்டரை இன்ச் உயரம் தாராளம். உருண்டையாக இருந்தால் கழுத்து மடங்கும்.

வாய்க்கு ஜிப்பும் வைத்துப் பார்த்தேன், வெல்க்ரோவும் வைத்துப் பார்த்தேன். ஜிப் என்றால் ரன்னரில் இரண்டு பக்கமும் இழுப்பான் இருக்கிற ரகமாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் புரட்டின பிறகு உள்பக்கமிருந்து மூட முடியாது. அதற்கும் மேலே, தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் ஜிப் தடம் பதிகிறது. வெல்க்ரோவின் முள் பக்கம் பனியன் துணியின் இழையைப் பிடித்து இழுத்து நாசமாக்கும். ஒவ்வொரு துவைப்புக்கும் நூல் பிசிறு அதில் போய் அடையும், கொஞ்ச நாளில் ஒட்டாது. வெல்க்ரோ வைத்த உடுப்பு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஒட்டி மூடிவிட்டுத் துவையுங்கள், கூடுதல் நாள் உழைக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் வாய்க்கு இந்த எந்தத் தொல்லையும் இல்லை. உடைய ஒன்றுமில்லை, கழன்று விழ ஒன்றுமில்லை. முக்கியமாக, பிள்ளையே செய்துகொள்ளலாம்.

பிள்ளையே செய்துகொள்வது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அம்மா மாற்றிக் கொடுக்க வேண்டிய பொம்மை சீக்கிரமே பீரோவுக்குள் போய்விடும். கடையில் விற்கிற பலவற்றில் மடிக்கும் முறை என்று படம் போட்டு ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். நாலு வயதுப் பிள்ளை சீட்டைப் பார்க்காது. சாக்ஸைச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்று புரட்டத் தெரிந்த பிள்ளைக்கு இது வரும். வராத பிள்ளைக்கு முதலில் சாக்ஸில் பழக்குங்கள். கொடுப்பதற்கு முன்னால் என் வீட்டில் உட்கார வைத்துப் பிள்ளை கையால் மாற்றச் சொல்லிப் பார்ப்பேன். முடியவில்லை என்றால் வாயை அரை இன்ச் அகலப்படுத்துவேன்.

எதிர்பாராத ஒரு சிக்கல் மகளிடமிருந்தே வந்தது. மெட்ரோவில் ஏ.சி. உறைக்கிறது, சட்டையைப் போடு என்றால் மாட்டேன் என்கிறாள். போட்டால் முயல் காணாமல் போய்விடுமாம். முயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பொம்மையாகிற உடுப்பு எதிலும் இந்தச் சண்டை வரும், வாங்குகிறவர்கள் தயாராக இருக்க வேண்டும். நான் கண்ட வழி, ஒரு காதை மட்டும் கொஞ்சம் நீளமாக வெட்டுவது. சட்டையைப் போட்டிருக்கும்போது அதன் நுனி பையின் ஓரத் தையலில் விட்ட சின்ன இடைவெளி வழியாகச் சட்டையின் கீழ் விளிம்புக்கு வெளியே இரண்டு இன்ச் தெரியும். பிள்ளை பின்னால் கையை விட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். முயல் உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு இன்ச்சுக்கு மேல் விடாதீர்கள், எஸ்கலேட்டரில் உட்காரும் பிள்ளைகள் உண்டு.

எஸ்கலேட்டர் என்றதும் நாடா நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவில் இ.என். 14682 என்று ஒரு தரவிதி இருக்கிறது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தொப்பியிலும் கழுத்திலும் நாடாவே கூடாது என்கிறது அது. சறுக்குமரத்தில் மாட்டும், பஸ் கதவில் மாட்டும், கழுத்தை நெரிக்கும். அமெரிக்காவிலும் 1996-லேயே இதற்கு வழிகாட்டு விதி வந்துவிட்டது. நம் ஊர்க் கடையில் இன்னும் நாடா வைத்த தொப்பிச் சட்டைதான் அதிகம் தொங்குகிறது. வாங்கி வந்தவுடன் உருவி எறிந்துவிடுங்கள், சட்டைக்கு ஒன்றும் ஆகாது. தொப்பி இறுக்கமாக வேண்டுமென்றால் விளிம்பில் மெல்லிய எலாஸ்டிக் கொடுக்கலாம். தொப்பியே இல்லாமல் தைத்தால் இன்னும் நல்லது. டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் ஹை ரோடு) தாண்டும்போது பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கண் தெரிய வேண்டும், பெரிய காது வைத்த தொப்பி அதை மறைக்கும்.

கண், மூக்கு, மீசை எல்லாம் எம்ப்ராய்டரி நூலால்தான். நூலை நெருக்கமாகப் பக்கம் பக்கமாக ஓட்டுகிற சாட்டின் தையலில் நிரப்பி, பின்பக்கம் முடிச்சை அழுத்தமாகப் போட்டுவிடுவேன். மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு எந்தச் சின்னப் பொருளும் ஆபத்து என்பதற்கு உலகமெங்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் அந்த வயதுப் பொம்மையில் இருக்கக்கூடாது. நம் டேப்பில் ஒன்றேகால் இன்ச். சட்டை பட்டன் எல்லாமே அதற்குள் போய்விடும். அதனால் மூன்று வயதுக்குள் என்றால் முன்பக்கம் பட்டனும் வைக்காமல், கழுத்து அகலமாகத் தலைவழியாகப் போடுகிற மாதிரி தைக்கிறேன். கடையில் பொம்மையாக விற்பதை வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முத்திரை இருந்தாலும், கண்ணை நகத்தால் நெம்பிப் பார்ப்பதை நான் விடமாட்டேன்.

கைக்குழந்தைக்குக் கேட்டு வந்தால் தைத்துக் கொடுப்பதில்லை. எங்கள் தெருவிலேயே ஓர் ஆயா பேரனுக்குக் கேட்டார்கள், பிள்ளைக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. "ஒரு வயசு வரைக்கும் தலகாணியும் வேணாம், துணி பொம்மையும் வேணாம் ஆயா, மூஞ்சில கவுந்துச்சுன்னா அதால தள்ளிவிட முடியாது" என்றேன். "இன்னாம்மா நீ, நாங்கல்லாம் கடுகுத் தலகாணி வெச்சுதான் புள்ளைங்கள வளத்தோம்" என்று அவர்களுக்கு வருத்தம். நான் அவர்களை எதிர்த்துப் பேசவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் முதல் வயது முடியும்வரை பிள்ளை தூங்குமிடத்தில் தலையணை, மெத்தென்ற பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாமென்று சொல்கிறது, இதை நம் டாக்டர்களிடமே கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பேரனுக்குக் காட்டன் ஜப்லா தைத்துக் கொடுத்தேன். ஒரு வயது முடிந்ததும் வாங்க ஆயா, முயலைப் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

துணி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. காட்டன் பனியன் துணி, அதிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கிற இன்டர்லாக், 180-லிருந்து 220 ஜி.எஸ்.எம்.-க்குள் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). அதற்கு மேல் கனமானால் சுருள் பெருத்துவிடும், மழைக்காலத்தில் காயாது. திருப்பூரிலிருந்து வருகிற கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரைக் கிலோ போதும், காதுக்கும் சேர்த்து. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் தேடுகிறவர்கள் அப்படியே கட் பீஸ் கடைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள். நூல், எலாஸ்டிக் சாமான்களுக்கு நான் சௌகார்பேட்டை போவேன். துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை சூட்டுத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்தே தீர வேண்டும். பனியன் துணி சுருங்கும், சட்டை ஒரு மாதிரியும் முகத் துணி வேறு மாதிரியும் சுருங்கினால் முயலின் வாய் கோணிப்போகும்.

ஃப்ளீஸ் வேண்டாம் என்பதற்கு வியர்வை மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வீடு ஒற்றை அறை. கேஸ் அடுப்பு எரிகிற இடத்துக்கும் பிள்ளை விளையாடுகிற இடத்துக்கும் நடுவே சுவர் கிடையாது. பாலியஸ்டர் நெருப்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். காட்டனும் எரியத்தான் செய்யும், ஆனால் உருகி ஒட்டாது. தீபாவளி நேரத்தில் மத்தாப்புப் பக்கம் போகும் பிள்ளைக்கு இந்த உடுப்பையே போடாதீர்கள், எந்தத் துணியாக இருந்தாலும்.

ஒற்றை அறை வீட்டுக்கு இது எவ்வளவு உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். பாயும் தலையணையும் பகலில் பீரோ மேல், பொம்மைக்கு என்று ஓர் அலமாரி கிடையாது. ஒரே பொருள் மூன்று வேலை செய்தால் அந்த வீட்டில் அதற்கு இடம் உண்டு. ஹவுசிங் போர்டிலிருந்து வருகிற அம்மாக்கள்தான் என்னிடம் அதிகம் தைத்துக்கொள்கிறார்கள். ஏழு, எட்டு வயதுப் பையன்கள் முயல் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு முகமே இல்லாமல் வெறும் தலையணையாகத் தைத்து, ஓரத்தில் அவர்கள் பெயரின் முதல் எழுத்தை எம்ப்ராய்டரி செய்து கொடுத்தால் சந்தோஷம். ஒரு பையன் ஆட்டோ முகம் கேட்டான். மஞ்சள் துணியில் இரண்டு லைட்டும் ஒரு கண்ணாடியும் வைத்துத் தைத்தேன், முயலைவிடச் சுலபம்.

துவைக்கிற முறை: முதலில் விரியுங்கள், பையையும் வெளியே புரட்டுங்கள், மூலையில் தங்கிய நூல் பிசிறைத் தட்டுங்கள். வீசிங் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை சூட்டுத் தண்ணீர். கை பொறுக்கிற சூடு அதற்குப் போதாது, அதனால் பக்கெட்டில் ஊறவைத்து, ஆறிய பிறகு அலசுங்கள். பிள்ளைகள் எட்டாத இடத்தில் பக்கெட்டை வையுங்கள். அடர்ந்த நிறத் துணி சூட்டில் சாயம் விடும், அதனால் வெளிர் நிறமாக எடுத்தால் கவலையில்லை. வெயில் இருந்தால் மொட்டை மாடிக் கொடி, ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரும்போது நன்றாக உதற வேண்டும், எங்கள் பக்கத்துத் தூசி அப்படி. மழைக்காலத்தில் ஃபேனுக்குக் கீழே விரித்துப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். பையின் மூலையைத் தொட்டுப் பார்க்காமல் சுருட்டிவிடாதீர்கள். முகம் இரட்டைத் துணி, கடைசியாகக் காய்வது அதுதான்.

இந்த முயலால் வீசிங் குணமாகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மகளுக்கு இன்ஹேலர் இருக்கிறது, டாக்டரம்மா சொன்னபடி எடுத்துக்கொள்கிறாள். முயல் செய்தது, படுக்கையில் கட்டிக்கொள்ள அவளுக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. காலடிப்பேட்டையில் அம்மா வீட்டிலிருந்து எழும்பூர் போகிற நாளில் மெட்ரோவில் சட்டை, சென்ட்ரலில் ரயில் மாறும்போது என் தோளில் அரைத் தூக்கம், ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிறவரை பெஞ்சில் தலையணை. மடியில் படுக்க வைத்தால் என் கால் மரத்துப்போகும், இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுத்தான் ஆர்டர் வர ஆரம்பித்தது.

பிள்ளை வளர்ந்துவிடுமே, தைத்த கூலி வீண்தானே என்று கேட்பார்கள். கையிலும் கீழ் விளிம்பிலும் ஒன்றரை இன்ச் உள்மடிப்பு விட்டுத் தைக்கிறேன், அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் மேல் வளர்ந்த பிள்ளை சட்டையாகப் போடாவிட்டாலும் முயலை விடுவதில்லை, சுருட்டியபடியே வைத்துக்கொள்ளும். தம்பி தங்கை இருக்கிற வீட்டில் இதனால் சண்டை வருகிறது, அதற்கு இரண்டாவது ஒன்று தைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். பழைய சட்டையை மட்டும் கொண்டுவந்தால் உடம்பு அளவு எடுத்துக்கொள்வேன், ஆனால் பையின் அளவுக்குப் பிள்ளையே சுருட்டிக் காட்ட வேண்டும்.